மதகில் இரண்டாவது மீட்டர்

தஞ்சாவூர்,
12.8.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

செவ்வந்தி எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணி சவுக்கியமா? தண்ணீர் நம் கடைமடை வரை வந்து சேர்ந்ததா?

எம்.சி.ஏ. இரண்டாம் வருஷம் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. போன வருஷம் கம்ப்யூட்டரைக் கணக்குப் போடச் சொன்னோம், போட்டது. இந்த வருஷம் சிஸ்டம்ஸ் புரோகிராமிங் என்று ஒரு பாடம். மற்ற எல்லா புரோகிராமுக்கும் அடியில் இருந்துகொண்டு, யாருக்கு இடம் கொடுப்பது, யாரைக் காத்திருக்க வைப்பது, எந்தக் கம்பியில் வருவதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பார்த்துக்கொள்கிற புரோகிராம்களை நாங்களே எழுத வேண்டும். பஞ்சநதம் சார் நடத்துகிறார். நல்ல மனிதர். ஆனால் இங்கிலீஷில் ஓடுகிறார், நான் பின்னால் விழுந்து கிடக்கிறேன்.

நான் எதை எழுதினாலும் மிஷின் ஒரே பதில்தான் சொல்கிறது: செக்மென்டேஷன் ஃபால்ட். உனக்குப் பாத்தியதை இல்லாத இடத்தைத் தொட்டுவிட்டாய், வெளியே போ என்று அர்த்தம். எந்த வரியில் தொட்டேன் என்று சொல்லாது. நாற்பத்திரண்டு பேருக்கு எட்டு டெர்மினல். எனக்குப் புதனும் சனியும் இரண்டிரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணியில் இருபது தடவை வெளியே தள்ளுகிறது. போன சனிக்கிழமை பின்னாலிருந்து ஒருவன், "கோட்டாவுல சீட்ட வாங்கிட்டு வந்து மிஷின குறை சொல்றாங்கப்பா" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு இது வராது போலிருக்கிறது, அண்ணா. மாயவரத்தில் பி.எட். சேர்ந்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். தீபாவளிக்கு வரும்போது பேசுவோம். கோபப்படாதீர்கள்.

உங்கள் தங்கை,
செவ்வந்தி


நெடுவாய்க்கரை,
3.9.1994

தங்கச்சி செவ்வந்திக்கு அண்ணன் மருதையன் எழுதிக்கொண்டது.

இங்கு எல்லோரும் சுகம். அம்மா வீட்டுக்குள் பிடித்துக்கொண்டு நடக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. சம்பா நடவு என்பதால் உட்கார்ந்து எழுத முடியவில்லை.

படிப்பை விட்டுவிட்டு வருகிற பேச்சு வேண்டாம். நில சீலிங் சட்டத்தில் வந்த இந்த ஒரு ஏக்கருக்குப் பட்டா வாங்க அப்பா பதினொரு வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் சரியில்லை என்று திருப்பினார்கள். எந்தக் காகிதம் என்று ஒருவரும் சொன்னதில்லை. உன் மிஷின் தேவலை. கேட்ட உடனே பதில் சொல்கிறது, அடுத்த ஜமாபந்திக்கு வா என்று சொல்வதில்லை. பின்னால் பேசுகிறவன் பேசட்டும். நீ எழுதிக்கொண்டிரு.

ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. நமக்கும் உப்பனாற்றுக்கும் நடுவில் இருந்த பண்ணை நிலத்தை யாரோ வாங்கி இறால் வளர்க்கக் குளம் வெட்டுகிறார்கள். அது அவர்கள் பாடு.

தீபாவளிக்கு மழை பிடித்துக்கொள்ளும். பாலத்துப் பக்கம் ரோடு மோசம். நீ அலைந்து வர வேண்டாம்.

மருதையன்


தஞ்சாவூர்,
28.11.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். மழையில் இரண்டு நாள் சளிக்காய்ச்சல் இருந்தது, போய்விட்டது. அங்கே வயலில் தண்ணீர் நிற்கிறதா, வடிந்துவிட்டதா? அம்மாவை ஈரத்தில் நடக்க விடாதீர்கள்.

தீபாவளிக்கு விடுதியில் நானும் என் அறைத்தோழி ரசியா பேகமும் மட்டும் இருந்தோம். அவள் அய்யம்பேட்டைக்காரி, நினைத்தால் அரை மணியில் வீட்டுக்குப் போயிருப்பாள். எனக்காக இருந்தாள். அந்த மூன்று நாளில் அவளும் நானும் என் புரோகிராமை வரிவரியாகக் காகிதத்தில் எழுதி வைத்துப் படித்தோம். தப்பு அகப்பட்டது. எழுதி வைப்பதற்கு இடம் கேட்டு வாங்காமலேயே எழுதியிருக்கிறேன்! மிஷின் என்னைத் தள்ளியது நியாயம்தான். திருத்தி ஓட்டினேன். ஸ்கிரீனில் ஒன்றுமே வரவில்லை. திட்டு வராததே எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொரு சேதி. ஒவ்வொருவரும் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். அலைவாணி அக்வா என்ற இறால் கம்பெனி எங்கள் துறைக்குப் புதிதாக நாலு டெர்மினல் கொடுத்திருக்கிறது. அவர்களுடைய மூன்றாம் நம்பர் பண்ணைக்குப் புரோகிராம் வேண்டுமாம். சீர்காழிப் பக்கம். சார் என்னைத்தான் கூப்பிட்டார். "நீ அந்தப் பக்கத்துப் பொண்ணுதான? உனக்குத் தண்ணி தெரியும்" என்றார். முப்பது பேர் முன்னால் சொன்னார், அண்ணா.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கும் மீட்டர் இரண்டு. ஒன்று குளத்தில், ஒன்று வெளியே போகும் மதகில். நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓர் எண் கம்பி வழியாக வரும். கடல் தண்ணீர் என்றால் முப்பத்தைந்து. நல்ல தண்ணீரோ வெறும் காற்றோ என்றால் பூஜ்யம். என் புரோகிராம் பண்ணைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த எண்ணுக்காகக் காத்திருந்து, வாங்கி, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். வாராவாரம் டிஸ்க்கில் ஏற்றி இங்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். நான் சரிபார்க்க வேண்டும்.

பொங்கலுக்குக் கட்டாயம் வருவேன்.

உங்கள் தங்கை,
செவ்வந்தி


நெடுவாய்க்கரை,
6.1.1995

தங்கச்சிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் கார்த்திகையிலேயே வந்துவிட்டது. கம்பெனி பெயரைப் பார்த்தேன். உன்னை எல்லோர் முன்னாலும் சார் கூப்பிட்டது அம்மாவுக்குச் சந்தோஷம். அந்த வேலையை நல்லபடியாக முடி.

பொங்கலுக்கு வர வேண்டாம். கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறோம், படுக்க இடமில்லை. விளைச்சல் இந்தத் தடவை சுமார். குடிக்கிற தண்ணீர் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய் எடுக்கிறோம்.

பண்ணையை நேரில் பார்க்க உன்னை அனுப்புவார்களா? அனுப்பினால் காய்ச்சல் என்று சொல்லிவிடு. போகாதே.

மருதையன்


தஞ்சாவூர்,
10.2.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன். பொங்கலுக்குப் பிறகு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. தை மாசத்தில் யாராவது கூரையைப் பிரிப்பார்களா? நான் வந்தால் உங்களுக்கு என்ன கஷ்டம்? படிக்கப் போனவள் படித்து முடிக்கும் வரை ஊருக்கு ஆகாதவளா? அம்மா எப்படி இருக்கிறாள் என்றாவது ஒரு வரி எழுதுங்கள்.

இங்கேயும் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். என் புரோகிராமில் ஒரு பிழை. இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது, கண்டுபிடிக்க முடியவில்லை.

பண்ணை மதகு எப்போதும் மூடித்தான் இருக்கும் என்று கம்பெனி ஆள் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வெளியூர் இன்ஜினியர் ஒருவர் அங்கே இரண்டாவது மீட்டரை வைத்தாராம். ஆக, அது பூஜ்யம் காட்ட வேண்டும். ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, காலை 9.10க்கு அது திடீரென்று 24 காட்டுகிறது. அப்படியே போய், 11.52க்கு எண்ணே வராமல் நின்றுவிட்டது. மறுநாள்தான் திரும்ப வந்தது. அடுத்த செவ்வாயும் ஒன்பதேகாலிலிருந்து 24. அதற்கடுத்த செவ்வாயும். மற்ற நாளில் பூஜ்யம்.

குளத்து எண் தவறிப்போய் மதகுப் பக்கம் விழுகிறதோ என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். குளத்தில் 26, மதகில் 24. நானே பொய் எண்களைத் தயார் செய்து கம்பியில் அனுப்பிப் பார்த்தேன், சரியாக வாங்கிக்கொண்டது. ஒரு மீட்டரின் பகுதியை மட்டும் நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து எழுதினேன். மறுபடி அதே செவ்வாய்க்கிழமை. மிஷினுக்குக் கிழமை தெரியாது, அண்ணா. பிழை எங்கே இருக்கும்?

உங்களிடம் போய் இதைக் கேட்கிறேன். வேறு யாரிடம் சொல்ல.

செவ்வந்தி


18.2.1995

தங்கச்சிக்கு,

சுகம். வேறு வேலையாக வெளியூர் வந்திருக்கிறேன். அதனால்தான் பதில் போடவில்லை. அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எண்களைப் பற்றி யாரிடமும் பேசாதே. மிஷின் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பரீட்சையைப் பார்.

என் மேல் கோபம் வேண்டாம்.

மருதையன்


நெடுவாய்க்கரை,
6.3.1995

அன்புள்ள செவ்வந்திக்கு அண்ணி அம்சம் எழுதுவது.

நீ நல்லபடி இருப்பாய் என்று நம்புகிறேன். அத்தைக்குச் சாப்பாடு இறங்குகிறது, கவலைப்படாதே. நான் அஞ்சாவதுதான் படித்தேன், எழுத்து முன்னே பின்னே இருக்கும். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் கடிதத்தில் நாகப்பட்டினம் தபால் முத்திரை இருந்திருக்குமே, பார்த்தாயா?

ஐப்பசியிலேயே நம் கிணறு உப்பாகிவிட்டது. கார்த்திகையில் பயிர் நுனியிலிருந்து கருக ஆரம்பித்தது. மார்கழியில் வயலே செம்பட்டையாகிவிட்டது. அறுக்க ஒன்றும் இல்லை. நம் நிலத்துக்கு மூன்று பக்கமும் இப்போது குளம். நாம் ரோட்டுக்குப் போகிற பாதையில் கேட் போட்டு ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். மீன்காரத் தெருவில் தையல்நாயகி வீட்டுக்குப் பக்கத்து அடிபம்பில்தான் குடிதண்ணீர். அதற்கு வரப்பிலேயே சுற்றிப் போய்வர ஒரு மணி நேரம் ஆகிறது.

நிலத்தைக் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். உன் அண்ணன் தரமாட்டேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை சந்தை என்று உனக்குத் தெரியும். ஊரே போய்விடும். தை மூணாம் தேதி உன் அண்ணன் பாதி வழியில் பையை மறந்துவிட்டுத் திரும்பினார். மதகு திறந்திருக்கிறது. குளத்துத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு நம் வாய்க்காலில் விழுகிறது. ஓடிப்போய்ச் சந்தையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார். அது வயலுக்குப் போகாமல் இருக்கக் கரையை வெட்டி வடிகாலில் விட்டார்கள். அப்போது ஏதோ ஒயரும் அறுந்தது. கம்பெனி மானேஜர் என்ன எழுதிக் கொடுத்தான் தெரியுமா? காலையில் எட்டு மணிக்கே கடப்பாரையோடு வந்து கரையை உடைத்தார்கள், மதகு திறக்கவே இல்லை என்று. போலீஸ் வந்து ஆறு பேரைக் கொண்டுபோனார்கள். உன் அண்ணன் முப்பத்தெட்டு நாள் உள்ளே இருந்தார். இப்போது ஜாமீன். ஆனால் ஊருக்கு வரக்கூடாது. நாகப்பட்டினத்திலேயே இருந்து காலையும் மாலையும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தையல்நாயகி தம்பி ராசு வீட்டில் இருக்கிறார்.

உன் பத்தாம் தேதி கடிதத்தை ஜெயிலுக்கு நான்தான் கொண்டுபோனேன். 9.10 என்று இருந்ததை இரண்டு தடவை படித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ எழுதுனது சரி. அவளுக்கு ஒரு தப்பும் இல்ல. நீ அவகிட்ட சொல்லிடாத" என்றார்.

இருபத்து மூன்று நாள் உன் மேலேயே பழி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய். எனக்கு மனசு கேட்கவில்லை.

அம்சம்


தஞ்சாவூர்,
14.3.1995

அன்புள்ள அண்ணனுக்கு, ராசு அண்ணன் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நீங்கள் நலமா என்று இந்தத் தடவை கடமைக்குக் கேட்கவில்லை. அடித்தார்களா? முதுகு, கை, கால் எல்லாம் சரியாக இருக்கிறதா? அண்ணியைத் திட்டாதீர்கள்.

பஞ்சநதம் சாரிடம் போனேன்.

"சார், பிழை கிடைச்சுடுச்சு."

"எங்க?"

"புரோகிராம்ல இல்ல சார். மதகுல."

எண்களை அவர் முன்னால் விரித்து, அண்ணி எழுதியதைச் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இது உங்க ஊரா? சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு சொன்னார்: "அந்த நாலு டெர்மினலும் அவங்க குடுத்தது. திருப்பி எடுத்துக்கிட்டா அத்தன புள்ளைங்களும் எங்க உக்காரும்? ரெண்டாவது மீட்டர ரிப்போர்ட்லேருந்து எடுத்துடு. ஒரு மீட்டரே புராஜெக்டுக்குப் போதும். முதல் வகுப்பு போடறேன். நீ வெளிய போயி நல்லா இரு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எடுத்தால் பாஸ். எடுக்காவிட்டால் ரிப்போர்ட்டில் சார் கையெழுத்துப் போடமாட்டார், கையெழுத்து இல்லாத ரிப்போர்ட்டுக்கு மார்க் கிடையாது. லேபுக்குப் போகிறேன், அவர்கள் கொடுத்த டெர்மினலில்தான் உட்காருகிறேன். என்னை அடைத்துப்போட்டிருக்கிற அறையில் நானே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? நம் நிலம் உப்பாகிக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமைகளை நான் இங்கே மேஜையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

செவ்வந்தி


நாகப்பட்டினம்,
24.3.1995

தங்கச்சிக்கு,

என்னை யாரும் அடிக்கவில்லை. ஒரு பல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, பிடுங்கிவிட்டேன். ராசு வீட்டில் மீனும் சோறும் குறைவில்லாமல் போடுகிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். எடுத்துவிடு.

காலை பத்து மணிக்கு ஒரு கையெழுத்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்று. நடுவில் எந்த வேலைக்கும் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கடலுக்கும் போக முடியாது. படகுத் துறையில் உட்கார்ந்து படகு போவதையும் வருவதையும் பார்க்கிறேன். இப்படி ஒருத்தன் உட்கார்ந்திருப்பது போதும். நீயும் ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டு உட்கார வேண்டாம்.

நீ எதிர்த்து நின்றுவிட்டால் அந்தக் கம்பெனிக்காரன் உன் பெயரைத் தெரிந்துகொள்வான். அதை நினைத்துத்தான் சொல்லவில்லை. பயந்துதான் சொல்லவில்லை, வேறு பெரிய காரணம் கிடையாது.

வக்கீல் துரைராசு நல்ல மனிதர். எங்களுக்குள் பார்த்துக்கொள்கிறோம். எடுத்துவிடு, செவ்வந்தி.

மருதையன்


தஞ்சாவூர்,
2.5.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். கையெழுத்து நிபந்தனை தளர்ந்து நீங்கள் ஊருக்கு வந்துவிட்டதாக அண்ணி எழுதியிருந்தாள். அம்மா உங்களைப் பார்த்து அழுததாகவும் எழுதியிருந்தாள். நீங்கள் அழுதீர்களா என்று எழுதவில்லை.

நான் எடுக்கவில்லை.

எடுக்க உட்கார்ந்தேன். இரண்டாவது மீட்டரைப் படிக்கிற பகுதி மொத்தம் பதினாறு வரி. பதினாறு வரியை அழிக்க ஒரு நொடி போதும். ஜனவரி 17, 9.10, மதகு, 24 என்ற வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நிமிஷத்தில் நீங்கள் அங்கே எங்கோ பையைத் தேடிக்கொண்டு வரப்பில் வந்திருக்கிறீர்கள். விரலை எடுத்துவிட்டேன்.

எல்லா எண்களையும் பின்னிணைப்பாக அச்சடித்தேன். கடைசி நாற்பது பக்கத்தை ரசியா நின்று எடுத்துக் கொடுத்தாள். ஒரு பிரதியை வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். சார் கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருந்தது.

ஏப்ரல் 26ஆம் தேதி வைவா. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் வயதானவர், நிதானமாகப் பக்கம் புரட்டினார். "செவ்வாய்க்கிழமைல மட்டும் ஏறுதே, இது உங்க புரோகிராம் தப்பா இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். நான் செய்த ஒவ்வொரு சோதனையையும் சொன்னேன். இங்கிலீஷில்தான் சொன்னேன், அண்ணா. அவர் சாரைப் பார்த்து, "நீங்க செக் பண்ணீங்களா?" என்றார்.

சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நானும் ஓட்டிப் பாத்தேன். தப்பு இல்ல" என்றார்.

"அப்ப கையெழுத்து?"

சார் பேனாவை எடுக்கவில்லை. எக்ஸாமினர் ரிப்போர்ட்டை மூடினார். "கையெழுத்து இல்லாம நான் மார்க் போட முடியாதும்மா" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்து ரசியாவிடம் சொன்னேன். "அவருக்கு வாயி வந்துச்சு, கை வரல. விடு" என்றாள்.

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. திட்டி ஒரு கடிதம் போடுங்கள். போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

செவ்வந்தி


நெடுவாய்க்கரை,
2.6.1995

தங்கச்சிக்கு,

அம்மா, அம்சம், நான் எல்லோரும் இருக்கிறோம். உன்னைத் திட்ட இரண்டு தடவை உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

உன் புத்தகத்தை வக்கீல் படித்தார். கையெழுத்து இல்லாததைக் கோர்ட்டில் அப்படியே வைக்க முடியாதாம். ஆனால் அவர் அதை எடுத்துக்கொண்டு ரெவின்யூ ஆபீசரிடம் போனார். "நீங்க எதையும் நம்ப வேணாம் சார். ஒரு செவ்வாக்கெழம ஒம்பது மணிக்கு வந்து நில்லுங்க, போதும்" என்றிருக்கிறார்.

போன மாதம் 23ஆம் தேதி அந்த ஆபீசர் ஜீப் இல்லாமல், ஒரு டி.வி.எஸ். வண்டியில், லுங்கி கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் சந்தைக்குப் போகிற மாதிரி பை எடுத்துக்கொண்டு போனோம். போய், சவுக்குத் தோப்புக்குள் உட்கார்ந்துகொண்டோம். 9.20க்கு மதகுப் பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் வந்தது. அவர் குனிந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். மானேஜர் ஓடிவந்தான்.

"சார், இன்னைக்கு ஒரு நாள்தான் சார் தெறந்தோம்."

"நானும் இன்னைக்கு ஒரு நாள்தாம்ப்பா வந்திருக்கேன்."

மதகுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பாதையில் இருந்த கேட்டையும் எடுத்தாகிவிட்டது.

ஆனால் எங்கள் ஆறு பேர் மேல் இருக்கிற கேஸ் அப்படியேதான் இருக்கிறது. கரையை வெட்டியது நிஜம்தானே. முதலில் மதகு திறந்ததா, முதலில் கரை வெட்டப்பட்டதா என்பதுதான் வழக்கு. நிலம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. இந்த வருஷம் நாற்று விடப்போவதில்லை. அம்சம் சித்தாள் வேலைக்குப் போகிறாள், நானும் போகிறேன்.

நேற்றுக் கோர்ட் ஆள் வந்தான். சாட்சி சம்மன். செவ்வந்தி, தகப்பனார் பெயர் வீரையன், என்று இருந்தது. உன் பெயர் இதில் வரக்கூடாது என்றுதான் பொங்கலிலிருந்து உன்னை ஊருக்கே வர விடாமல் வைத்திருந்தேன். அந்தக் காகிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் நானாகவே இருக்க வேண்டியதாயிற்று.

ஜூலை 12, புதன்கிழமை, காலை பத்து மணி, நாகப்பட்டினம். கம்பெனி வக்கீல் பெரிய ஆளாம். மிஷின் தப்பே செய்யாதா என்று உன்னைக் குடைவார் என்று நம் வக்கீல் துரைராசு சொல்கிறார். என்ன சொல்வது என்று யோசித்து வை.

மருதையன்


தஞ்சாவூர்,
20.6.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ரசியாவுக்குப் படித்துக் காட்டினேன். லுங்கி கட்டிய ஆபீசரை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். வெயிலில் சித்தாள் வேலை செய்கிற அண்ணியை மோர் குடிக்கச் சொல்லுங்கள்.

ரிசல்ட் போட்டுவிட்டார்கள். நோட்டீஸ் போர்டில் ரசியாவின் நம்பர் இருந்தது, என்னுடையது இல்லை. அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து இதே பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் வந்து நாலு டெர்மினலையும் எடுத்துப் போய்விட்டார்கள். யாரால் போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு ஹாலில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. இன்னும் ஒரு வருஷம் இவர்கள் நடுவில்தான் இருக்க வேண்டும். சார் வராந்தாவில் என்னைப் பார்த்தால் நிற்கிறார். நின்றுவிட்டு, திரும்பிப் போய்விடுகிறார். அவருக்கும் சம்மன் போயிருக்கிறதாம்.

பன்னிரண்டாம் தேதி வருகிறேன். என்ன சொல்வது என்று யோசித்துவிட்டேன், வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். மிஷின் தப்பே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். அது செய்யும், நானும் செய்வேன். ஒரு வருஷமாக அதை மட்டும்தான் படித்தேன். அந்த எண் என் பிழையாகத்தான் இருக்கும் என்று நம்பி, இருபத்து மூன்று நாள் தேடினேன் என்று சொல்வேன். அது யார் வாய்க்கால், யார் வயல் என்று அப்போது எனக்குத் தெரியாது என்பதையும் சொல்வேன். என் பிழையாக இருந்துவிட வேண்டுமே என்றுதான் ஒவ்வொரு தடவையும் லேபுக்குள் போனேன்.

அதற்கு மேல் கம்பெனி வக்கீல் எதைக் கேட்டாலும் கேட்கட்டும்.

உங்கள் தங்கை,
செவ்வந்தி